சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கும்

நான் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், குளியலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால் அணைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நான் உள்ளே குந்தி உட்கார்ந்து மலம் பட்ட விரிப்பை அலசிக்கொண்டிருப்பேன், பொசுக்கென்று இருட்டாகிவிடும். கையில் இருப்பது துணியா, துணியில் இருந்ததா என்றே தெரியாது. "தம்பி, நான் இருக்கேன்!" என்று கத்தினால், "ஐயோ, சாரி நர்ஸம்மா" என்று மறுபடி போடுவார். மறுநாளும் அதே கூத்து நடக்கும்.

நான் நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

காசு விஷயத்தில் அவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது. என் சம்பளத்தை ஒரு நாளும் தள்ளிப் போட்டதில்லை. கேட்டதை வாங்கிக் கொடுப்பார், நல்லதாகவே வாங்குவார். கரண்ட் வீணாவதைத்தான் அவரால் தாங்க முடியாது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது யோசித்தால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறந்தவன் முகம் மாதிரி இருக்கும். அலுவலகத்தில் அவருக்கு 'மைக்ரோ' என்று பெயராம். கரண்டை அளக்கும்போது ஆம்பியர், மில்லி என்றெல்லாம் பேச மாட்டார், மைக்ரோவில்தான் பேசுவார் என்பதால் வந்த பெயர். அவர் மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டால், "மைக்ரோ சார் வந்தாச்சு, எல்லாரும் அவங்கவங்க இருட்டுல போய் உக்காருங்க" என்பாள்.

கழுத்தில், கையில், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் சின்னச் சின்னச் சாதனங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. சாதனம் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் எதன் வழியாக, எந்த அளவில், எப்போது உள்ளே போக வேண்டும் என்பதை இவர் முடிவு செய்வார். அதற்கு எந்த சிப், எந்தக் கம்பிச்சுருள், எந்தக் கெப்பாசிட்டர் என்று தேர்ந்தெடுப்பதுதான் முழு நேர வேலை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாமே கறுப்பாக, சிறியதாக, பார்த்தால் பேன் மாதிரி இருக்கும். அவற்றை ஒட்டிய நாடாக்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பைகளில் போட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியை ஆக்கிரமித்திருந்தார். மீதிப் பாதியில் சாப்பிடுகிறவர்கள் தும்மக்கூடப் பயப்பட வேண்டும்.

ஒரு நாள் மேசையைத் துடைக்கப் போனபோது, எப்படித்தான் இதையெல்லாம் பொறுக்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருப்பார் போல.

"மொதப் பக்கத்துல பெருமையா எழுதியிருக்கறத நான் படிக்கவே மாட்டேன் நர்ஸம்மா. வேலை செய்யறப்ப எல்லா சிப்பும் ஒழுங்காத்தான் இருக்கும். சும்மா இருக்கறப்ப எவ்வளவு குடிக்குதுன்னு ஒரு வரி இருக்கும். நேரா அதுக்குத்தான் போவேன். கையில எடுத்துட்டுப் போற சாமான் முக்காவாசி நேரம் சும்மாதான் கிடக்கும். அந்த நேரத்துலதான் பேட்டரி சாகுது."

சரியான பேச்சுதான். ஆனால் பேசி முடித்துவிட்டு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் அப்போது அவர் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வரியை என் நெற்றியில் படித்த மாதிரி பார்த்தார்.

அவர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டியவர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடப்பக்கமும் பாதி தளர்ந்துபோய், இடது கையில் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். மற்ற விரல்கள் கேட்டது பாதி கேட்காதது பாதி. மனைவி ஏற்கெனவே இறந்துவிட்டதால் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கண்ணில் மட்டும் ஆள் முழுசாக இருந்தார். சாப்பாட்டைக் கூழாக அரைத்து ஊட்டினால் என்னைப் பார்த்து முறைப்பார். சட்டையைத் தப்பாகப் போட்டுவிட்டால் கட்டைவிரலால் என் முழங்கையைக் குத்துவார். கெட்ட கோபக்காரர். எனக்கு அது பிடித்திருந்தது. கோபம் வருகிறது என்றால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வேலையில் மலமோ சளியோ ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் விட்டால் போய்விடும். எனக்குக் குமட்டுவது வேறு. ஈரத்தில் ஒருவர் கிடக்கிறார் என்று தெரிந்தும் பக்கத்து அறையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் குமட்டும். எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேலையில் பாதி அதுதான். ஒன்றும் செய்யாமல் விழித்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மைக்ரோவுக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு மணியோடு வந்தார்.

அவர் கம்பெனி புதிதாகச் செய்துகொண்டிருந்த சாமான் அது. படுக்கையில் இருப்பவர் கையில் ஒரு பித்தானைக் கட்டிவிட வேண்டும். அமுக்கினால் சமையலறையில் வைத்திருக்கும் இன்னொரு டப்பா 'டிங் டிங்' என்று அடிக்கும். பித்தானுக்குத் தனியாகப் பேட்டரி கிடையாது. போனுக்குச் சார்ஜ் ஏற்ற எல்லார் வீட்டிலும் ஒரு பவர்பேங்க் இருக்கிறதே, அதில் செருகிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டால் போதும்.

"ஒரு தடவ சார்ஜ் பண்ணா வருஷக்கணக்குல ஓடும். நம்ப மாட்டீங்க, இதுக்குள்ள இருக்கற சிப் மாதிரிக் கம்மியா குடிக்கற சிப் உலகத்துலயே ரெண்டோ மூணோதான் இருக்கு. தேடிப் பிடிச்சேன். எங்க மேனேஜரு வெல ஜாஸ்தின்னார். நான் விடல."

"உங்க அண்ணன் அடிக்காத ஹார்னா? பித்தான் தேஞ்சு போயிடும் பாருங்க" என்றாள் மனைவி.

"இனிமே நீங்க அங்கயே உக்காந்திருக்க வேண்டாம் நர்ஸம்மா. கூப்பிட்டா போங்க. மத்த நேரம் வேற ஏதாவது..." என்று இழுத்தார்.

வேற ஏதாவது என்றால் துணி துவைப்பதும் சமையலுக்கு நறுக்குவதும்தான். சரி என்றேன். மணி உண்மையிலேயே நன்றாக அடித்தது. அமுக்குவார், போவேன், தலையணையைத் திருப்பி வைப்பேன், வருவேன். காலை நேரம் அப்படி ஓடியது.

மத்தியானத்துக்கு மேல்தான் கெட்டது. மணி அடிக்காது. சரி, தூங்குகிறார் என்று இருப்பேன். அறைக்குள் போனால் வாசலிலேயே மூக்கில் ஏறும். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஊறி, தோல் வெளுத்து, முதுகுத்தண்டின் அடியில் சிவந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் கெட்ட வார்த்தை இருக்கும். ஒரு நாள் இல்லை, தொடர்ந்து அப்படியே நடந்தது.

முதலில் பழி என் மேல் விழுந்தது. "மணி அடிச்சது காதுல விழலையா அம்மா?" என்று மனைவி கேட்டாள். அடிக்கவே இல்லை என்றேன். மைக்ரோ சாயங்காலம் வந்தார். வழக்கம்போல முதலில் பவர்பேங்கைக் கையில் எடுத்து, அதிலுள்ள பொத்தானைத் தட்டி, நாலு புள்ளியும் எரிகிறதா என்று பார்த்தார். பிறகு பித்தானை அமுக்கினார். டிங் டிங். காலையில் அலுவலகம் போவதற்கு முன்பும் இப்படித்தான் செய்வார். புள்ளிகளைப் பார்க்காமல் அவருக்கு ஒரு நாள் தொடங்காது, முடியவும் முடியாது.

"மணி நல்லாத்தானே இருக்கு!" என்று போனை எடுத்துக் காட்டினார். எந்த நேரத்தில் அமுக்கப்பட்டது என்று அதில் கோடு கோடாக வருமாம். காலையில் வேலிக்கம்பு நட்ட மாதிரி வரிசையாக நின்றது. மத்தியானத்துக்கு மேல் வெறும் தரை.

"அவருதான் அமுக்கல" என்றார்.

நான் அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினேன். "அமுக்கறார் தம்பி. வெரலைப் பாருங்க, நகத்துக்கிட்ட தோல் பிஞ்சிருக்கு."

"மெஷின் பொய் சொல்லாது நர்ஸம்மா."

அப்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். அவளுடைய சித்தப்பா ஒருவருக்கு இப்படித்தான் இருந்ததாம். காலையில் தெளிவாக இருப்பாராம், வெயில் சாய்ந்தால் புத்தி மங்கிவிடுமாம். "மாமாவுக்கும் அப்படி ஆயிடுச்சோ என்னமோ" என்றாள். கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அப்படி ஒரு நோய் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தப் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் புத்தி மங்குகிறவர்கள் கண் எனக்குத் தெரியும். அது யாரையும் தேடாது. இவர் கண் ஒவ்வொரு மத்தியானமும் என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

சொன்னேன். யார் கேட்டார்கள்?

புத்தி போனவர்களுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள். தரையில் ப்ளீச்சிங் வாடை. அதற்கு அடியில் பழைய மூத்திர வாடை. ஒன்றை ஒன்று மறைக்கப் பார்த்து இரண்டும் சேர்ந்து நாறியது. கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. கையில் துணி உறை போட்டுக் கம்பியில் கட்டியிருந்தார்கள், சொறிந்துகொள்ளக் கூடாதாம். ஒரு கிழவர் கட்டிய கையை உறையோடு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துப் பொறுப்பாளர் சிரித்தபடி, "டாட்டா காட்டறார்" என்றார். வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் வெளியே வந்து துப்பினேன்.

"இடம் ஒண்ணு காலியா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்கள்.

பஸ் ஓட்டியவர் அங்கே போனால் அந்தக் கட்டைவிரலையும் உறைக்குள் போட்டுவிடுவார்கள். அதோடு முடிந்தது. தனக்குப் புத்தி இருக்கிறது என்று சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மைக்ரோவிடம் போய் நின்றேன். "இன்னைக்குத் துணி நெறைய இருக்கு. நீங்க அண்ணன்கிட்ட உக்காருங்க."

"மணி இருக்கே."

"இருக்கட்டும். நீங்களும் இருங்க."

முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, "நான் எதையும் தொட மாட்டேன். அப்புறம் நான்தான் அமுக்கினேன், நான்தான் நோண்டினேன்னு நீங்க சொல்லக் கூடாது" என்றார். சரி என்றேன்.

நான் வாளியோடு போகவும் வரவுமாக இருந்தேன். ஒரு முறை வாசலைத் தாண்டும்போது பார்த்தேன். தம்பி மடியில் கணினியை வைத்துக்கொண்டு சிப் தேடிக்கொண்டிருந்தார். அண்ணனின் கட்டைவிரல் பித்தான் மேல் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அமுக்கும்போது நகம் வெளுக்கிறது, விட்டால் சிவக்கிறது. சமையலறையில் சத்தமே இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏதோ தோன்றி மைக்ரோ தலையைத் தூக்கினார். விரலைப் பார்த்தார். காதைத் தீட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார். மறுபடி விரல்.

"அண்ணே, நல்லா அழுத்தி அமுக்கு."

அண்ணன் அமுக்கினார். கை முழுதும் நடுங்கியது. ஒன்றும் அடிக்கவில்லை.

"இன்னொரு தடவ."

அண்ணன் அவரைப் பார்த்தபடியே விரலை எடுத்துவிட்டார். அவசரம் தாங்கும் மட்டும்தான் யாராலும் அமுக்க முடியும். அடுத்த நிமிடம் வாடை வாசலுக்கே வந்தது.

"நர்ஸம்மா!"

"இங்கதான் நிக்கறேன்."

"வாங்களேன், அண்ணன்..."

"மணி அடிக்கலையே தம்பி."

கேட்டதும் அவர் முகம் என்னவோ ஆனது. நான் கையுறையை எடுத்து நீட்டினேன். ஓங்கரித்தார். இடுப்பைத் தூக்கிப் பிடிக்கத் தெரியவில்லை, துடைக்கத் தெரியவில்லை. துடைத்த துணியை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையில் அப்பிக்கொண்டார். கூடப் பிறந்தவன் உடம்பைத் தொட அவ்வளவு கூச்சம். கூசிச் சுளித்த அந்த வாயைப் பார்க்க எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"மூக்கால இழுக்காதீங்க, வாயால மூச்சு விடுங்க. அவரு மூஞ்சியப் பாத்துத் துடைங்க. செவத்தப் பாத்துத் துடைச்சா எப்படி?" என்றேன். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவமானம்தான், யார் இல்லை என்பது?

முடிந்ததும் மைக்ரோ கை கழுவிவிட்டு வந்து கட்டிலருகே குந்தினார். பவர்பேங்கைத் தொடாமல், தலையைச் சாய்த்து அடியிலிருந்து பார்த்தார். பிறகு போய்க் கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்து வந்து கம்பியை வைத்தார். அந்த நாறும் சட்டையோடு தரையிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு?"

"பவர்பேங்க் தூங்கிடுச்சு."

"தூங்குமா அது?"

"தன்கிட்ட ஒண்ணும் செருகலன்னு நெனச்சா தானா அணைஞ்சுக்கும். இல்லாட்டி பையில கெடந்து வீணா காலியாயிடும்ல? அதுக்காக அப்படி செஞ்சிருப்பாங்க."

"அதான் இது செருகியிருக்கே!"

"செருகியிருக்கு. ஆனா இது குடிக்கற அளவு ரொம்பக் கம்மி. இப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியல."

"நான் இந்த வீட்டுல இருக்கற மாதிரி" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. பவர்பேங்க் அணைந்த உடனே மணி சாவதில்லை. உள்ளே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைத்திருந்தார். அதில் தேங்கியதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டு காலை முழுதும் அது ஓடியிருக்கிறது. மத்தியானம் தேக்கம் தீர்ந்து செத்திருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் இவர் புள்ளிகளைப் பார்க்கப் பொத்தானைத் தட்டியதும் பவர்பேங்க் விழித்து மறுபடி நிரப்பியிருக்கிறது. பரிசோதிக்கிறவரே ஒவ்வொரு முறையும் உயிர் கொடுத்துவிட்டுப் பரிசோதித்திருக்கிறார். அலுவலக மேசையிலோ கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒரு நாளும் அணையாது. அதனால் அங்கேயும் தெரியவில்லை.

"அந்த மேனேஜர் சொன்ன சாதா சிப்பைப் போட்டிருந்தா இது நடந்தே இருக்காது" என்றார். சொல்லும்போது வாயில் கசந்தது போல இருந்தது.

"அதுக்கு இப்ப என்ன பண்ணணும்?" என்றேன்.

"ஒரு ரெசிஸ்டர் போடணும். வெட்டியா. கரண்டக் குடிச்சுச் சூடாக்கி வெளிய விடறது மட்டும்தான் அதோட வேலை. அப்பத்தான் பவர்பேங்க் முழிச்சிருக்கும்." சொல்லிவிட்டு உடம்பைக் குலுக்கிக்கொண்டார். சற்று முன்பு அண்ணனைத் துடைக்கும்போது வராத நடுக்கம் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

இதோடு அண்ணன் தப்பித்தார் என்று நினைத்தேன். மனைவி விடவில்லை. "மணி கெட்டுப்போச்சு, சரி. ஆனா அவரு தெரிஞ்சுதான் அமுக்கினாரா, விரல் சும்மா ஆடுச்சா? நமக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழம பதில் சொல்லணும்." அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். என்னை விட்டால் அவள்தான் அந்த ஈரத்தைத் தூக்க வேண்டியவள். அவளுக்கும் முதுகு வலி.

மைக்ரோவும் தலையை ஆட்டினார். "மணிய சரி பண்றேன். ஒரு நாள் முழுக்க ஒழுங்கா அமுக்கினார்னா அப்புறம் பேச்சே இல்ல."

அவ்வளவு பார்த்த பிறகும் போனில் கோடு வந்தால்தான் நம்புவாராம்.

ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் கூத்து அன்று ராத்திரியும் மறுநாளும் நடந்தது. வீணாக்குவதற்கென்றே போடும் சாமானிலும் எவ்வளவு குறைவாக வீணாக்கலாம் என்று பேரம் பேசினார். எப்போதும் குடிக்க வேண்டாமாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை, கண் சிமிட்டும் அளவுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு நிறுத்தினால் பவர்பேங்க் ஏமாந்து விழித்திருக்குமாம். அந்தச் சிமிட்டலைக் குறைத்துக்கொண்டே போனார். அணையும் இடம் வரை போய், அதற்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பெருமையாக மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் மறுபடி ஈரத்தில் கிடந்தார். முதுகுத்தண்டின் அடியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

அன்று மைக்ரோ வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் அந்த விரிப்பை அப்படியே சுருட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில், அவருடைய பைகளின் மேல் போட்டேன்.

"நர்ஸம்மா! என்ன இது!"

"உங்க அண்ணன் அனுப்பினது."

"கணக்குப்படி இது போதுமே... பவர்பேங்க் கொஞ்சம் காலியானதும் அது அணையற அளவு மாறுது போல..."

"கணக்கு படுக்கையில கெடந்து ஊறாது தம்பி. தோலுதான் ஊறும். வந்து புண்ணப் பாருங்க."

வந்து பார்த்தார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. நான் மருந்து போடும் வரை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய், ஈரப் பைகளைத் தள்ளிவிட்டு, அரிசி அளவில் இல்லாமல் அவரைக்கொட்டை அளவில் ஒரு ரெசிஸ்டரை எடுத்து மாட்டினார். சிமிட்டல் எல்லாம் இல்லை. எந்நேரமும் குடிக்கட்டும் என்று விட்டார். தினமும் பவர்பேங்கை மாற்ற வேண்டும். மாற்றட்டும். இரண்டு வாங்கி வந்து வைத்தார்.

புதன்கிழமையிலிருந்து மணி ஒழுங்காக வேலை செய்தது. நானே அமுக்கிப் பார்த்தேன். அவர் புள்ளிகளைத் தட்டாமலே அமுக்கிப் பார்த்தார். காலையும் அடித்தது, மத்தியானமும் அடித்தது.

ஆனால் அண்ணன் அமுக்குவதை நிறுத்திவிட்டார்.

காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை. நான் பழையபடி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வேண்டியதைக் கண்ணாலேயே சொன்னார், நானும் செய்தேன். பித்தானைக் கட்டியிருந்த கை அசையவே இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் மைக்ரோவின் போனில் ஒரு கோடும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி வாசலில் வந்து நின்றாள். அந்த இல்லத்திலிருந்து போன் வந்திருந்தது. "பாத்தீங்களா? இப்ப மணி நல்லா இருக்கு. அவருதான் அமுக்கல. நான் சொன்னா பொல்லாப்பு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மைக்ரோ கையைக் காட்டி நிறுத்திவிட்டு அண்ணன் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"அண்ணே. ஒரே ஒரு தடவ அமுக்கிடு. நான் பாக்கறேன்."

அண்ணன் பார்த்தார். என்னை முறைக்கும் பார்வை இல்லை இது. அழுகிப்போன எதையோ பார்ப்பது மாதிரி, மேலிருந்து கீழ் வரை தம்பியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பித்தானிலிருந்து எடுத்தார். சொன்னபடி கேட்காத மற்ற விரல்களோடு கொஞ்ச நேரம் போராடி, அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்து மூடிக்கொண்டார்.

"பாருங்க, புரியவே இல்ல அவருக்கு" என்றாள் மனைவி, பாதிக் குரலில்.

மைக்ரோ நிமிர்ந்தார். காது மடல் சிவந்திருந்தது. "புரியாதவன் வெரல மடக்கி வெச்சுக்க மாட்டான். இவருக்கு அமுக்கத் தெரியும். எனக்காக அமுக்க மாட்டார்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டும் வேற வேற."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அந்தக் கோடுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய் இல்லத்துக்கு எண்ணைப் போட்டார். "ஆமாங்க, அந்த எடம் எங்களுக்கு வேண்டாம்... இல்லைங்க, அவருக்கு ஒண்ணும் ஆகல... நல்லா இருக்கார், கோவமா இருக்கார்" என்று சொல்வது எங்கள் மூவருக்கும் கேட்டது. மனைவி பெருமூச்சு விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் அண்ணனிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஜென்மம்.

போனை வைத்துவிட்டு அவர் அலுவலகத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் மாற்றுத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கட்டைவிரல் வெளியே வந்து, பித்தானைத் தேடி, அழுத்தியது.

சமையலறையில் டிங் டிங் என்றது.

கேட்டதும் மைக்ரோ ஒரு செருப்போடு அறை வாசலுக்கு ஓடி வந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. நான் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிட மணி எதற்கு?

"உங்களத்தான் தம்பி" என்றேன். "போங்க, என்ன வேணும்னு கேளுங்க."